எழுத்துப் பக்கம் கீழே

கப்பல்கள் காற்றிடம் நல்ல வார்த்தை சொல்லிப் புறப்பட்ட காலம் அது. அப்போது இளநாகன் என்று ஒரு வணிகர் இருந்தார். போன துறைமுகத்தில் எல்லாம் அவருக்குப் பண்டசாலை இருந்தது. வீட்டில் தொட்டில் மட்டும் இல்லை. தனக்குப் பின் தன் பெயரைச் சொல்ல ஆளில்லையே என்ற கவலை அவரைத் தின்றது.

அதனால் ஒரு கருங்கல்லில் தன் பெயரை ஆழமாக வெட்டச் சொன்னார். சரி, அதை எங்கே நடுவது? ஊரில் நட்டால் மறுநாளே யாராவது மாட்டைக் கட்டிவிடுவார்கள். தென்கடலில் ஒரு சின்னத் தீவு உண்டு, அங்கே ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை உண்டு, அந்த ஜனங்கள் எதையும் மறக்கமாட்டார்கள் என்று மாலுமிகள் சொல்லக் கேட்டிருந்தார். கல்லோடு அங்கே போய் இறங்கினார்.

மாலைக் காற்று எழுந்ததும் கப்பல் திரும்ப வேண்டும். இருந்தது ஒரே ஒரு பகல். வருகிறவர்களுக்குத் தீவைச் சுற்றிக்காட்டும் தோணிக்காரி பவழம், அவரையும் கல்லையும் ஏற்றிக்கொண்டாள். கல்லின் பாரத்தில் தோணி தாழ்ந்தது.

கடல் அன்று தூங்குகிற பிள்ளை மாதிரிக் கிடந்தது. முதலில் ஒரு துறை வந்தது. அங்கே அலை கூழாங்கற்களை உருட்டி உருட்டிக் கலகலவென்றது.

"இது சிரிச்சவ துறை, அண்ணாச்சி. கப்பல் உடைஞ்சு ஒருத்தி இங்க ஒதுங்கினா. எல்லாம் போச்சு. கண்ண முழிச்சுப் பாத்தா, ஒரு நண்டு அவ கொலுச இழுத்துக்கிட்டு ஓடுது. சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்ப அலை இன்னும் மறக்கல."

"அவ பேரு என்ன?"

"அது தெரியாது."

அடுத்து ஒரு மணல்மேடு. தாழம்பூ வாசம் கண்ணைச் சொக்க வைத்தது. "இது பாதித் தேங்கா மேடு. கொள்ளையடிக்க வந்த ஒருத்தன், பசிச்ச பிள்ளை ஒண்ணப் பாத்துட்டுத் தன் தேங்காயில பாதியக் குடுத்தான்."

"அவன் பேரு?"

"அது தெரியாது."

அடுத்து ஒரு பெரிய புன்னைமரம். பூ சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. படையோடு வந்த ஒரு ராஜா இதன் நிழலில் படுத்தாராம். தூங்கி எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்ததாம். எதற்கு வந்தோம் என்பதே மறந்து, வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

"ராஜா பேராவது தெரியுமா?"

"அதும் தெரியாது, அண்ணாச்சி."

இளநாகன் மனசுக்குள் சிரித்தார். பாவம், இவர்களில் ஒருவராவது ஒரு கல் கொண்டுவந்திருக்கக் கூடாதா?

உச்சி வெயிலில், கல்லைத் தோணியிலேயே விட்டுவிட்டு மலைப்பாதையில் ஏறினார்கள். தீவுக்கே நல்ல தண்ணீர் ஓர் ஊற்றில்தான். அதுவும் பாறை இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் விழும். கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைந்திருந்தது. தவித்து வந்த இளநாகன் ஒரே மூச்சில் குடித்தார்.

"நமக்கு முன்னால வந்தவுக நெறச்சு வச்சது இது. நாம ஒக்காந்து, பின்னால வாறவுகளுக்கு நெறச்சு வச்சிட்டுப் போவோம்," என்றாள் பவழம்.

"சொட்டுச் சொட்டா இது எப்ப நெறைய? பொழுது போகுது, கல்லுக்கு எடம் பாக்கணும்," என்று சிரட்டையைப் போட்டுவிட்டு நடந்தார். வழிகாட்ட வேண்டியவள் பின்னாலேயே ஓடினாள்.

மலை உச்சியில் நல்ல இடம் கிடைத்தது. நான்கு திசையிலும் கடல் தெரிந்தது. மனம் நிறைந்து, வழியில் ஊற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கல்லை எடுத்துவரத் தோணிக்கு இறங்கினார். அங்கே சடையன் என்ற மீனவன் கருவாட்டுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்று பவழம் கேட்டாள்.

"அவசரக்காரன் ஊத்துல ஒக்காந்துட்டேன்."

புதுக்கதை கிடைத்தது என்று இளநாகன் ஆசையாகக் கேட்டார். "அது எந்த ஊத்து?"

"மலைப்பாதையில இருக்கதுதான். மத்தியானம் யாரோ குடிச்சிட்டு நெறைக்காமப் போயிட்டாக. நாக்கு வறண்டு, சொட்டுச் சொட்டாப் பிடிச்சுக் குடிச்சேன். இனி அதுக்கு அதான் பேரு." அவன் குரலில் கோபமே இல்லை.

இளநாகனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. தன் பெயர் நிலைக்க வந்தார்; இப்படியொரு பெயரா நிலைக்க வேண்டும்? "பவழம், அந்தப் பேர மாத்தணும். என்ன கேட்டாலும் தாரேன்."

"நாங்க பேரு வைக்கிறதில்ல, அண்ணாச்சி. வந்தவுக செஞ்சதுதான் பேராகுது."

அவர் மறுபடி மலையேறினார். வெயில் மஞ்சளாகியிருந்தது. ஊற்றடியில் சிரட்டை ததும்ப நிறைந்திருந்தது. அவர் தவிக்கவிட்டுப் போன அதே சடையன், தான் குடித்த பிறகு முகம் தெரியாத யாருக்காகவோ நிறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தான். இளநாகன் அதைக் குடித்தார்.

பிறகு சிரட்டையைப் பாறையடியில் வைத்துக் குந்தினார். சொட்டு விழுந்தது. எங்கோ அலை சிரித்தது. கல்லும் பெயரும் மெல்ல மெல்ல அவர் நினைவை விட்டுப் போயின. முழங்கால்தான் வலித்தது. கூடை சுமந்து வந்தவனுக்கு இன்னும் எவ்வளவு வலித்திருக்கும் என்று தோன்றியது.

சிரட்டை நிறைந்தது. அவர் எழுந்துபோய், பவழத்தையும் சடையனையும் கூப்பிட்டுக் கல்லைக் கம்பில் கட்டித் தூக்கிவந்து ஊற்றடியில் போட்டார். எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டார்.

"ஐயோ, உங்க பேரு மண்ணுக்குள்ள போயிருமே," என்றாள் பவழம்.

"மேல இருந்தா ஒக்காருறவுகளுக்கு உறுத்தும்," என்றார் இளநாகன்.

கப்பலில் சங்கு ஊதியது. அவர் போய்விட்டார்.

தலைமுறைகள் கழிந்தன. இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் சிரட்டை நிறைகிறதைப் பார்ப்பார்கள். அவசரக்காரன் ஊற்று என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. 'உட்காரக் கல் போட்டவர் ஊற்று' என்றால் குழந்தையும் வழிகாட்டும். அவர் பெயர் என்ன என்று கேட்டுப்பாருங்கள். "அது தெரியாது" என்பார்கள்.

ஆகையால் கேட்டவர்களே, தன் பெயருக்காகச் செய்வது தன்னோடு போகும், பின்னால் வருகிறவருக்காகச் செய்வதே ஊர் நினைவில் நிற்கும்.