ஒத்தை ஆள் வீட்டுப் பிடியரிசி

ஆரோன்விளை மாசிலாமணி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது ஐம்பத்திரண்டாவது வயதில். கற்றுக்கொடுத்தவள் எப்சிபா. ஊர் சர்ச்சில், வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துச் சொல்லும் பைபிள் உமன் வேலை பார்ப்பவள். அவருக்கு மகள் வயது இருக்கும். தலையில் முருங்கைக்காய்க் கட்டு சுமந்து பிழைப்பைத் தொடங்கி, பன்னிரண்டு ஏக்கர் வரை வந்த மனுஷன் அவர். சந்தையில் அவர் விலை பேச வந்தால் தரகர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர் எப்சிபாவுக்கு முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

"டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். எழுத்து முழுசும் வந்த பிறகும் அவருக்கு அவள் டீச்சரம்மாதான்.

மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். குளம் வெடித்துக் கிடந்தது. அவர் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான் நின்றது. முருங்கை மரங்கள் இலையெல்லாம் உதிர்ந்து, யாரோ விறகை நட்டு வைத்த மாதிரி நின்றன.

மனைவி நவமணி ஐப்பசியில் திருப்பூருக்குப் போனாள். அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் கிங்ஸ்லிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஒரு மாசத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. கிளம்புகிற அன்றைக்கு, "நீங்களும் வாங்க. இங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"கிணத்துல தண்ணி இருக்கிற மட்டும் நான் இருப்பேன். போறவங்க போகலாம்" என்றார் அவர்.

நவமணி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு மாசம் நாலு மாசமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்லி போன் செய்வான். "மழை உண்டாப்பா?" என்பான். "இல்ல" என்பார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கும். அது யார் வைக்கிற பாத்திரம் என்று அவருக்குத் தெரியும். "அம்மா இருக்காளா?" என்று கேட்க மாட்டார். அவளும் வாங்கிப் பேச மாட்டாள்.

மாசிலாமணி ஒரு கணக்கு வைத்திருந்தார். மழை பெய்ய வேண்டும். குளம் பெருக வேண்டும். நடவுக்கு ஆள் காணாது என்று ஆக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் நவமணி தானாக வந்து நிற்பாள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அதனால் மழைக்காக ஜெபம் பண்ணினார். அதோடு விடவில்லை. வேலையில்லாத கூலிக் குடும்பங்களுக்கும் பனையேறிகளுக்கும் சர்ச் வளாகத்தில் மத்தியானக் கஞ்சி ஊற்றினார்கள். எப்சிபாதான் அதை நடத்தினாள். பத்தாயத்தில் இருந்த பழைய நெல்லை மில்லில் கொடுத்து அரைத்து, வாரம் ஒரு மூட்டை அரிசியைக் கஞ்சிக்கு இறக்கினார் மாசிலாமணி. பூவரச மரத்தடியில் நின்று, "கீழ சிந்தாதடா! உங்க அப்பன் வீட்டு அரிசியா?" என்று சத்தமும் போட்டார். ஜனங்கள் தலையைக் குனிந்து குடித்துவிட்டுப் போனார்கள். அவர் அதில் ஒரு வாய் குடித்ததில்லை. தங்கராசு கடையில் காலையில் இட்லி, சாயந்தரம் பரோட்டா. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. கிணற்றடியில் போய் உட்கார்ந்து, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி முடிகிற சமயம், கஞ்சி ஊற்றி முடித்த ஒரு மத்தியானத்தில், அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த எப்சிபாவிடம் போய் நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நாலு மாசமா முட்டி தேய ஜெபம் பண்ணுதேன். மேல இருந்து ஒரு சத்தமும் இல்ல. என்கிட்ட என்ன குறை?"

"என்ன கேட்டு ஜெபம் பண்ணுதிய?"

"மழைதான். வேற என்னத்தக் கேப்பேன்?"

எப்சிபா அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க வீட்டுப் பிடியரிசி நாலு மாசமா வரல, அண்ணாச்சி."

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அது ஒரு வழக்கம். உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். அது ஏழைகளுக்கு. சனிக்கிழமை எப்சிபா துணிப்பையோடு வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போவாள். முப்பது வருஷமாக நவமணி அந்த டப்பாவைக் காலியாகக் கொடுத்ததில்லை.

மாசிலாமணிக்கு மூக்கு நுனி சிவந்தது.

"ஏம்மா, வாரம் ஒரு மூட்டை எறக்குதேன். கண்ணு தெரியலையா?"

"மூட்டை வந்துச்சு. அதுலதான் கஞ்சி காய்ச்சுதோம். பிடி வரல."

"ஒரு மூட்டையில எத்தன பிடி இருக்கும்னு தெரியுமா?"

"நெறைய இருக்கும்."

"பின்ன?"

"பிடி வேற அண்ணாச்சி."

"சரி, ரெண்டு மூட்டையா எறக்குதேன். முடிஞ்சுதா?"

"எறக்குங்க. ஜனம் பசியாறும். பிடியும் குடுங்க."

"மூணு மூட்டை. பிடிப் பேச்ச விட்டுருங்க."

எப்சிபா சிரித்துவிட்டாள். "நவமணி மயினி வச்ச டப்பா அடுப்படியிலதான் இருக்கும். பாருங்க."

எத்தனையோ வாயாடிகளைச் சந்தையில் மடக்கியிருக்கிறார். இவ்வளவு குறைவாகப் பேசுகிற ஆளிடம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை அவள் வந்தபோது டப்பா தயாராக இருந்தது. மூட்டையில் கையை விட்டு, சரியாக ஏழு பிடி அள்ளிப் போட்டிருந்தார். நாளுக்கு ஒன்று. நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

எப்சிபா டப்பாவை வாங்கிக்கொண்டாள். "வெயில் தாங்கல. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போறேன். நீங்க இருங்க, நானே எடுத்துக்கிடுதேன்" என்று அடுப்படிக்குள் போனாள்.

உள்ளே இருந்து ஒரு கோழி உறுமியது.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, அடுப்புக்குள்ள கோழி அடை கிடக்கு. எத்தன முட்டை வச்சிருக்கு?"

"பதினொண்ணு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காது இரண்டும் சூடாகின.

எப்சிபா டப்பாவில் இருந்த அரிசியை வாசலில் கிடந்த மூட்டைக்குள்ளேயே தட்டினாள். வெறும் டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வாரேன்."

"அரிசியில என்ன பேரா எழுதியிருக்கு? இது உலைக்குப் போற அரிசி, இது மூட்டை அரிசின்னு?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு முழுக்கக் கோபத்தில் கழிந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு ஓலைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, கோழியையும் முட்டைகளையும் அதில் மாற்றினார். கோழி இரண்டு இடத்தில் கொத்தியது. "உனக்கும் என் மேல கோவமா?" என்றார். வீட்டுக்குள் வாய் திறந்து பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போது தோன்றியது.

அடுப்பில் கிடந்த கோழித் தூவலையும் சாம்பலையும் வாரிக் கொட்டினார். பனஓலையை வைத்துத் தீ மூட்டினார். புகை கூரைக்கு மேலே எழும்பியது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பொன்மலர் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, மயினி வந்தாச்சா?"

"இல்ல."

"பொகை தெரிஞ்சுது. அதான்…"

"நான்தான்."

பொன்மலர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மாசிலாமணி உழக்கில் அரிசி அளந்தார். ஒரு ஆளுக்கு அந்த ஒரு உழக்கு போதும். அதிலிருந்து ஒரு பிடி எடுத்தார். மண்வெட்டி பிடித்த கை அவருடையது. எடுத்துவிட்டுப் பார்த்தால் உழக்கில் பாதி போயிருந்தது.

மூட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் அள்ளி நிரப்பலாமா என்று கை போயிற்று. நிரப்பினால் எடுத்ததற்கு அர்த்தம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டார். சோறு அடிப்பிடித்தது. புளியைக் கரைத்து ஊற்றித் தின்றார். வயிறு பாதி நிரம்பியதோடு சட்டி காலியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விரல் நுனியால் கிள்ளினாற்போல் எடுத்துப் பார்த்தார். டப்பாவில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பவும் உழக்கில் கையை விட்டு முழுப் பிடியாக எடுத்துப் போட்டார்.

பரோட்டாக் கடைப் பக்கம் அந்த வாரம் அவர் போகவில்லை. போனால் இந்தப் பந்தயத்தில் தோற்ற மாதிரி என்று வீம்பு. வியாழக்கிழமை மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தெருவே வெளியில் வந்து வானத்தைப் பார்த்தது. மேகம் நாலு தூறலைக்கூடச் சிந்தாமல் மலைப்பக்கம் போய்விட்டது. மாசிலாமணி வெளியில் வரவில்லை. சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்ததில் அவருக்கு வானத்தைப் பார்க்க நேரமில்லை.

சனிக்கிழமை எப்சிபா வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். மாசிலாமணி டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் டங்கென்று வைத்தார். புறங்கையில் தீப்புண் ஒன்று இருந்தது.

"டீச்சரம்மா, இது நியாயமில்ல."

"எது அண்ணாச்சி?"

"ஒத்தைக்குப் பொங்கித் திங்கிறவன்கிட்ட பிடி கேக்கக் கூடாது. உழக்குல பாதி போயிருது. ஆறு நாளா அரை வயிறு. சாயந்தரமானா கண்ண இருட்டுது."

"கஷ்டம்தான்."

"அஞ்சு பேருக்கு ஆக்குன வீடு இது. எங்க அம்மா, நான், அவ, ரெண்டு பிள்ளைய. தினமும் ஒரு பிடி போச்சு. ஒரு நாளாவது தெரிஞ்சிருக்குமா? எனக்கெல்லாம் மூணு தடவ சோறு போட்டாத்தான் தட்டை விட்டு எந்திரிப்பேன். ஒருத்தருக்கும் குறைஞ்சதில்ல."

"அளந்த அரிசியிலதானே மயினி பிடி எடுப்பாங்க?"

"ஆமா."

"எடுத்த பெறகு திரும்ப நிரப்புவாங்களோ?"

"நிரப்ப மாட்டா. அவ சுபாவம் அது இல்ல."

"அப்ப குறையத்தானே செய்யும்?"

"குறையும்."

"உங்க தட்டுல குறையல. பிள்ளைங்க தட்டுல குறையல. அம்மா தட்டுல குறையல."

மாசிலாமணி பேச வாயெடுத்தார்.

ஒவ்வொரு வருஷமும் முருங்கை என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். நவமணியின் தட்டு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அது பித்தளையா, எவர்சில்வரா என்றுகூட நினைவுக்கு வரவில்லை. எல்லாரும் தின்று எழுந்து கை கழுவிய பிறகு, அடுப்படிக்குள்ளிருந்து அகப்பை சட்டியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் வரும். அவர் அதற்குள் வெளியே கட்டிலில் சாய்ந்திருப்பார். கொஞ்ச நேரம் சுரண்டுவாள். பிறகு சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

வாசலில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எப்சிபா அவசரப்படவில்லை. டப்பாவை எடுத்துத் துணிப்பைக்குள் கவிழ்த்தாள். அரிசி மெதுவாக விழுந்தது.

மாசிலாமணி அது விழுவதைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"நான் மழைக்கு ஜெபம் பண்ணல, டீச்சரம்மா."

"தெரியும் அண்ணாச்சி."

"போறவங்க போகலாம்னு சொல்லிட்டேன். வாய் தவறியில்ல. வேணும்னுதான் சொன்னேன்."

எப்சிபா வெறும் டப்பாவைப் படியில் வைத்தாள்.

"இப்ப நான் போன் பண்ணிக் கூப்பிட்டா, வருவாளா?"

எப்சிபா பையின் வாயை முடிந்துகொண்டு எழுந்தாள்.

"வருவாங்களான்னு எனக்குத் தெரியாது. நீங்க இன்னைக்கு மயினியக் கூப்பிட வேண்டாம் அண்ணாச்சி. சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க."