மச்சான் வேனுக்குள் ஒரு பந்தல்

ஊருக்கெல்லாம் புத்தி பங்கு வைத்த அன்று மேலக்கரையூரில் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். நாலு பேர் மட்டும் வாங்கவில்லை. அவர்களைக் குறை சொல்லக்கூடாது. வரிசையில் நின்றவர்கள் தலையில் வெயில் படாமல் பந்தல் போட்டுக்கொண்டிருந்ததே அவர்கள்தான். பந்தலைப் பிரித்து, கம்பை எண்ணி அடுக்கிவிட்டு வந்து பார்த்தால் பாத்திரம் காலி. "சரி, அடுத்த தடவை வாங்கிக்கிடலாம்" என்று போய்விட்டார்கள். அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

அந்த நாலு பேரில் மூத்தவர் ஆவுடையப்பன். மற்றவர்கள் சுப்புக்குட்டி, நயினார், மாடக்கண்ணு. கூட்டாகப் பந்தல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், ஊருக்குப் பயமே அதுதான். ஒரு கல்யாண வீட்டில், "வாசல்ல துளி வெயில் வரக்கூடாது, நல்லா மறைச்சுப் போடுங்க" என்று சொல்லப்போக, வாசலே அடைபட்டு, மாப்பிள்ளை பின்பக்கச் சுவரேறிக் குதித்துத்தான் தாலி கட்டினார்.

ஆவுடையப்பனுக்கு வீட்டில் ஒரு சிக்கல். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஊரில் உள்ள கல்யாணத்துக்கெல்லாம் பந்தல் போடுகிறவர், தன் பெண்டாட்டி பேராச்சியை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதில்லை. கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புவதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு புதன்கிழமை அவள் நாலு சேலையை மடித்துப் பையில் வைத்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

"கன்னியாகுமரிக்குன்னாலும் இதே பைதான். எங்க அண்ணன் வீட்டுக்குன்னாலும் இதே பைதான். எங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அண்ணன் வீட்டுக்குப் போனா லேசில திரும்ப மாட்டேன்."

அவள் வைக்கிற காபி இல்லாமல் ஆவுடையப்பனுக்குக் காலையில் எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்றே தெரியாது. ஆனால் லாட்ஜுக்குக் காசு கொடுக்க அவருக்கு மனசு வராது. அந்தக் காசுக்கு ஒரு ஷாமியானா வாங்கிவிடலாம்.

மாடக்கண்ணுதான் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒரு தாடிக்காரர் சாதாரண வேனுக்குள் பலகைக் கட்டில், திரை என்று எல்லாம் வைத்து, ஊர் ஊராகப் போய் உள்ளேயே தூங்குகிறார். வேண்டாம் என்றால் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். "கையில் இருக்கிற சாமானே போதும்" என்று தாடிக்காரர் சத்தியம் பண்ணினார்.

"ராத்திரி போட்டு விடியக்காலம் கழத்துறது நம்ம தொழில் அண்ணாச்சி. அந்தாளு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான்" என்றார் சுப்புக்குட்டி.

வேன், பேராச்சியின் அண்ணன் உச்சிமாகாளியிடம் இருந்தது. பத்து மைல் தள்ளி பாறைக்குளத்தில் காய்கறி வியாபாரம். கொடுப்பாரா என்பதுதான் சந்தேகம். போன தை மாதம் இந்த நாலு பேரும் ஒரு கல்யாணப் பந்தலின் கயிற்றை அவர் வண்டி பம்பரில் கட்டிவிட்டார்கள். அவர் பார்க்காமல் வண்டியை எடுக்க, பந்தல் மார்க்கெட் வரைக்கும் கூடவே வந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை பேராச்சியே பையோடு போய் அண்ணனிடம் பேசி, இறங்கமாட்டேன் என்று வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம், தூறலில், நாலு பேரும் போய் நின்றார்கள்.

உச்சிமாகாளி சாவியை நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"மாப்ள, கேட்டுக்கோரும். என் வண்டியில ஒரு ஆணி இறங்கக்கூடாது. ஒரு ஓட்டை விழக்கூடாது. கயிறு கட்டவே கூடாது. இரும்புக் கால் எதுவும் தரையில படக்கூடாது, கீறல் விழும். திங்கக்கிழமை காலையில, நான் எப்படிக் கொடுத்தேனோ அப்படியே வந்து நிக்கணும்."

"அப்படியே நிக்கும் மச்சான்" என்றார் ஆவுடையப்பன்.

நயினார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வண்டியைச் சுற்றிவந்து ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டார். 'எப்படிக் கொடுத்தாரோ' என்பதை எழுதி வைக்காவிட்டால் 'அப்படியே' திருப்பிக் கொடுப்பது எப்படி? நயினார் பொறுப்பான மனிதர்.

வேலை அன்றைக்கே தொடங்கியது. படுக்கையின் நீளத்தை, படுக்கிறவர் படுத்திருக்கும் நிலையில் அளக்கவேண்டும் என்று வீடியோ சொன்னது. ஆவுடையப்பன் வேனுக்குள் படுத்தார்.

"கண் முழிச்சிருக்கீங்களே, இது தூங்குற அளவு இல்லையே" என்றார் நயினார்.

மூன்று பேர் டேப்போடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? சுப்புக்குட்டி தட்டிக்கொடுத்தார். மாடக்கண்ணு விசிறினார். ஒரு மணி நேரத்தில் ஆவுடையப்பன் அசந்தார். அவர் முழங்காலை நாடியில் முட்டக்கொடுத்துச் சுருண்டு தூங்குகிற ஆள். அளந்தார்கள். மூன்றே முக்கால் அடி. பந்தி மேசைப் பலகை ஒன்றை எடுத்து மூன்றே முக்கால் அடிக்குச் சுத்தமாக அறுத்தார்கள்.

பேராச்சி பலகையைப் பார்த்தாள். "தொட்டிலா கட்டப்போறீங்க?"

"தூங்கின பிறகு சரியா இருக்கும்" என்றார் கணவர்.

அடுத்து, பலகையை எதில் நிறுத்துவது என்ற யோசனை. இரும்புக் கால் கூடாது. ஆணி கூடாது. கயிறு கூடாது. நாலு பேரும் வேனைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நம்ம தொழில்ல கயிறு கட்டுற வரைக்கும் கம்பு எப்படி நிக்கும்?" என்று சுப்புக்குட்டி கேட்டார்.

"ஒரு ஆள் பிடிச்சுக்கிடுவான்" என்றார் நயினார்.

"எதுவரைக்கும் பிடிப்பான்?"

"கட்டுற வரைக்கும்."

"இங்கதான் கட்டவே போறதில்லையே."

"அப்ப விடவேண்டிய அவசியமே இல்லை" என்றார் மாடக்கண்ணு. நாலு பேருக்கும் பெரிய பாரம் இறங்கியது.

ஆக, கட்டிலின் தலைமாட்டைச் சுப்புக்குட்டியும் கால்மாட்டை நயினாரும் உட்கார்ந்து மடியில் தாங்கிப் பிடிப்பது என்று முடிவாயிற்று. மாடக்கண்ணு ஒரு கையில் திரையைப் பிடிப்பார். கழற்றுவது அதைவிட லேசு, கையை விட்டால் போதும். தாடிக்காரருக்கு ஸ்குரூடிரைவராவது வேண்டியிருந்தது.

மாடக்கண்ணுவின் மறு கைக்கும் வேலை வந்தது. பந்தக்கால் நடாமல் அவர்கள் எந்த வேலையும் தொடங்கியதில்லை. மஞ்சள் தடவி, மாவிலை கட்டிய மூங்கில் கம்பு ஈசான மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், நிற்கவேண்டும். வண்டியில் குழி தோண்ட மச்சான் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதால் அதையும் பிடித்துக்கொள்வது என்று ஆயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினார்கள். ஆவுடையப்பன் ஓட்ட, பேராச்சி முன்னால். வேன் தெற்கே பார்த்துப் போனது. ஈசான மூலை பின்பக்கம், இடது கைப் பக்கம். மாடக்கண்ணு கம்போடு அங்கே நின்றார். இரண்டு மைல் தாண்டி ஒரு வளைவில் வண்டி மேற்கே திரும்பியது.

"அண்ணாச்சி, வடகிழக்கு இந்தப் பக்கம் வந்திட்டு" என்று கத்திக்கொண்டே மாடக்கண்ணு கம்போடு வலது பக்கம் ஓடினார்.

அதன்பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் அவர் ஓடினார். ஓடும்போதெல்லாம் நயினார் தலையில் மூங்கில் ஒரு தட்டு தட்டியது. வழியில் ஒரு ரவுண்டானா. எந்த ரோட்டில் பிரிவது என்று தெரியாமல் ஆவுடையப்பன் மூன்று சுற்று சுற்றினார். மாடக்கண்ணுவும் மாவிலைக் கம்போடு வண்டிக்குள் மூன்று சுற்று சுற்றினார்.

"இது பிரதட்சணமா ஆயிட்டு" என்றார் சுப்புக்குட்டி பக்தியோடு. "எங்களுக்குக் கை ஒழியல. மதினி, எங்களுக்கும் சேர்த்துக் கன்னத்தில போட்டுக்கிடுங்க."

பேராச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அதுவும் கும்பிட்ட கணக்கில் சேர்ந்தது.

கன்னியாகுமரியில், கடலைப் பார்த்தாற்போல் வண்டியை நிறுத்தினார்கள். கட்டிலில் பேராச்சி ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். இந்தப் பக்கம் சுப்புக்குட்டி மூஞ்சி. அந்தப் பக்கம் நயினார் மூஞ்சி.

"நாங்க கண்ணை மூடிக்கிடுதோம் மதினி."

"நீங்க வாயையும் மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன் சீட்டில் போய்த் தூங்கினாள். மூன்றே முக்கால் அடிக் கட்டிலில் ஆவுடையப்பன் தூங்கினார். அளவு அருமையாகப் பொருந்தியது.

விடியும் நேரம் நயினாருக்கு அவசரமாக ஒதுங்கவேண்டியிருந்தது. கையை விட்டால் கட்டில் கழன்றுவிடும். ஆவுடையப்பன் எழுந்து கால்மாட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்பியது. கடற்கரை முழுக்கச் சனம் ஆவென்று பார்த்தது. ஆவுடையப்பன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேராச்சி, எப்படி இருக்கு?"

அவள் வெளியில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "செவப்பா இருக்கு" என்றாள். குரல் ஒருமாதிரி இளகி இருந்தது. "நல்லா இருக்குங்க."

"எந்தப் பக்கம் வந்திருக்கு?"

"இதென்ன கேள்வி? கிழக்கேதான்."

மாடக்கண்ணு தலையைத் திருப்பித் திருப்பி, மூலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்ப பந்தக்கால் சரியான இடத்திலதான் நிக்கு" என்றார். மூன்று பேருக்கும் அப்படி ஒரு திருப்தி. இதற்காகவே இவ்வளவு தூரம் வந்ததுபோல இருந்தது.

ஞாயிறு சாயங்காலமே பாறைக்குளத்து எல்லைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் மச்சான் சொன்னது திங்கட்கிழமை காலை. எனவே எல்லையிலேயே காத்துக் கிடந்தார்கள்.

விடிந்ததும், "கழத்துங்க" என்றார் ஆவுடையப்பன். கையை விட்டார்கள். பலகை நயினார் காலில் விழுந்தது. வண்டியில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் நயினார் காலில்தான். அவர் நொண்டியபடியே லிஸ்டை எடுத்தார்.

ஒன்று, வாங்கிய அன்று தூறலில் வண்டி நனைந்திருந்தது. சுள்ளென்று வெயில் அடிக்க, பக்கத்துக் குழாயில் ரெண்டு குடம் பிடித்து வண்டிமேல் ஊற்றினார்கள். இரண்டு, மூக்கு கிழக்கே. அது வீட்டு வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று, பின்னால் நாலு தக்காளி, அதில் ஒன்று நசுங்கியது. வழியில் தக்காளியைத் தின்றுவிட்டதால் புதிதாக நாலு வாங்கினார்கள். எது நசுங்கவேண்டியது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.

"நல்ல தக்காளியா நசுக்கினா மச்சானுக்கு நஷ்டம்."

"கெட்டுப்போனதை நசுக்கினா நாம ஏமாத்தினதா ஆகும்."

கடைசியில் சுமாரான ஒன்றை மாடக்கண்ணு குதிகாலால் பதமாக நசுக்கினார். நாலு, வலது கண்ணாடி மடங்கி இருந்தது. மடக்கினார்கள். ஐந்து, ஸ்டியரிங்கில் ஒரு கறிவேப்பிலை. ஒட்டினார்கள்.

உச்சிமாகாளி வாசலுக்கு வந்தபோது, காய்ந்த தெருவில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் வண்டி கிழக்கே பார்த்து நின்றது. நயினார் ஒவ்வொன்றாகப் படித்தார். உச்சிமாகாளி நசுங்கிய தக்காளியைப் பார்த்தார், கறிவேப்பிலையைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார்.

"ஆறு" என்றார் நயினார். "முன் சீட்டில் பேராச்சி மதினி, மடியில் ஒரு பை."

எல்லோரும் பார்த்தார்கள். முன் சீட்டில் பேராச்சி. மடியில் பை.

"சரியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க" என்று பென்சிலை நீட்டினார். உச்சிமாகாளி, இவர்கள் போனால் போதும் என்று கிறுக்கிக் கொடுத்தார்.

பேராச்சி கணவரைப் பார்த்தாள். "நான் என்ன தக்காளியா?"

"தக்காளி மூணாவது. நீ ஆறாவது" என்றார் ஆவுடையப்பன். விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனசில்லை. ஆனால் மச்சானிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. நாலு பேரும் பலகையையும் பந்தக்காலையும் பிடித்தபடி பத்து மைல் நடந்தே ஊர் போனார்கள். பேராச்சி அண்ணன் வீட்டுக்குள் போய், அண்ணன் பெண்டாட்டி போட்ட காபியைக் குடித்துவிட்டு, காலை நீட்டிப் படுத்தாள்.

செவ்வாய் காலை ஆவுடையப்பன் கண் விழித்ததும் காபிக்குக் குரல் கொடுத்தார். காபி வரவில்லை. எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று தெரியாமல் மத்தியானம் வரை படுத்தே கிடந்தார். கூட்டாளிகள் வந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் சுப்புக்குட்டி.

"திருப்பிக் கொடுத்ததைச் சும்மா எப்படிக் கேட்கிறது? கையெழுத்து வேற வாங்கியாச்சு" என்றார் ஆவுடையப்பன்.

நயினார் லிஸ்டை எடுத்து விரித்தார். "வண்டியைத் திரும்பவும் இரவல் கேட்போம் அண்ணாச்சி. ஆறாவது சாமான் அதோட சேர்ந்ததுதானே" என்றார்.

வெள்ளிக்கிழமை போய் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் பேராச்சி சிரித்துக்கொண்டே பையைத் தூக்கி வந்து முன் சீட்டில் ஏறினாள். கடல் அவளுக்குப் பிடித்திருந்தது. உச்சிமாகாளி தங்கையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சாவியை நீட்டினார்.

"எடுத்துக்கோரும். ஆனா மாப்ள, திங்கக்கிழமை எப்படிக் கொடுத்தேனோ..."

"அப்படியே வரும் மச்சான்."

நயினார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

இன்றைக்கும் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வாங்குகிறார்கள், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கிறார்கள். வண்டியிலும் சரி, பேராச்சியிலும் சரி, இதுவரை ஒரு கீறல் விழவில்லை என்று உச்சிமாகாளியே ஒப்புக்கொள்கிறார். நயினார் தலைதான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.