கோட்டை அரணுக்குக் கொடுத்த தாம்பூலம்

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம் முடிந்ததும் பகைவர் யானைப்படையோடு வருவார்கள் என்று மன்னருக்குச் செய்தி வந்தது. கோட்டையைச் சுற்றிக் கருங்காலித் தூண்களால் அரண் வேண்டும், மழைக்கு முன்பே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். படைத்தலைவர் வீரராயர் தம் மைத்துனனைக் கொண்டுவந்து நிறுத்த, மன்னர் சபையில் தாம்பூலம் கொடுத்து வேலையை அவனிடமே ஒப்படைத்தார்.

தூண்கள் வந்து இறங்கின. விகடகவி ஆவுடைநம்பி வேடிக்கை பார்க்கப் போனான். கருங்காலித் தூண் ஒன்றைத் தூக்க நாலு ஆள் திணறுவார்கள். இங்கே ஒருத்தன் அதைத் தோளில் சாய்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறான்! நம்பி சபைக்கு ஓடினான்.

"மன்னா, அது கருங்காலி அல்ல. கரி பூசிய ஏதோ மரம். இந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று மறுபடி விசாரிக்க வேண்டும்."

வீரராயர் எழுந்தார். "அரசே, தாம்பூலம் கொடுத்த தங்கள் கையையே இந்தக் கோமாளி குறை சொல்கிறான்."

மன்னருக்குச் சுருக்கென்றது. "கொடுத்த தாம்பூலம் கொடுத்ததுதான். இனி அந்த அரணைப் பற்றி வாய் திறந்தாயானால் உன் தலை இருக்காது!"

மழை பிடித்துக்கொண்டது. நம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை. சொன்னால் தன் தலை, சொல்லாவிட்டால் ஊரில் எல்லார் தலையும். நனைந்தபடியே அரணைச் சுற்றிச் சுற்றி வந்தான். வீரராயர் மாடத்திலிருந்து பார்த்துச் சிரித்தார். ஒரு நாள் காலை, ஒரு தூணருகே நம்பி சட்டென்று நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு எடுத்தான் ஓட்டம், அரண்மனை மடைப்பள்ளிக்கு.

மதியம் மன்னரின் இலையில் கீரைப் பொரியல். நம்பியே பரிமாறினான்.

"ஆகா, முருங்கைக்கீரை! என்ன இளசு! எங்கே பறித்தாய்?"

நம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"கேட்கிறேன், சொல்!"

நம்பி கழுத்தை அறுப்பதுபோல் விரலால் இழுத்துக் காட்டினான்.

"சொல்லித் தொலைக்க வேண்டாம், காட்டு!"

நம்பி முன்னே நடக்க, மன்னர் கைகூடக் கழுவாமல் பின்னால் போனார். மழையில் கரி கரைந்து, அரணின் தூண்களெல்லாம் கொத்துக்கொத்தாகத் துளிர்விட்டிருந்தன. அத்தனையும் முருங்கை! மன்னர் ஒன்றை உதைத்தார், மளுக்கென்று முறிந்தது. முதலில் அவர் முகம் வெளிறியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பகைவன் யானைக்குத் தீனியல்லவா நட்டு வைத்திருக்கிறேன்!"

வீரராயரை அழைத்தார். "கொடுத்த தாம்பூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். அசல் கருங்காலி வரும்வரை நீரும் உம் மைத்துனரும் இங்கே தூணாக நில்லுங்கள்!"

தம் முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார். "இப்போது வாயைத் திற, அப்பா. இன்னும் என்ன வேண்டும்?"

"இப்போதுதான் பசிக்கிறது, மன்னா. பொரியல் மிச்சம் இருக்கிறதா?"