பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஓகே

இந்தக் கதையில் வருகிற எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். என் மாமனார் ஊர்க்காரர்கள். அதனால் சிரிப்பு வந்தால் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திரும்பிச் சிரித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஊர் பேர் குருவிகுறிச்சி. அங்கே இங்கிலீஷ் என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பஸ், லாரி, டாக்டர், சோப்பு எல்லாம் சுத்தமான தமிழ் என்பது அவர்கள் கட்சி. தண்ணீருக்குப் போர் போடுகிற லாரி ஒன்று வந்தபோதுதான் முதல் இங்கிலீஷ் வார்த்தை ஊரில் வந்து இறங்கியது.

அந்த லாரி டிரைவர் எதற்கெடுத்தாலும் ‘ஓகே’ என்றார். டீ வேணுமா என்று கேட்டால் ஓகே. இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்றால், கையால் மறித்துக்கொண்டு ஓகே ஓகே. போனை எடுத்தால் ஓகே, வைத்தாலும் ஓகே. இரும்புக் குழாய் கால் பெருவிரலில் விழுந்து ஊரே பதறி ஓடினபோதும், கண்ணில் தண்ணீர் முட்ட, “ஒண்ணுமில்ல, ஓகே” என்றார். பூமியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, “ஓகே!” என்று ஒரே கூத்து.

ஊர் அசந்துபோயிற்று.

“ஏல, இத்தனை வேலையையும் ஒத்தை வார்த்தை பாக்குதுலா!” என்றார் ஊர்ப் பெரியவர் வெயிலுமுத்து. “டிரைவர் தம்பி, இதை எங்களுக்குத் தருவீயளா?”

டிரைவர் சிரித்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். “வச்சுக்கோங்க பெரியவரே, ஊருக்கே பொதுவா இருக்கட்டும்.”

அந்தப் ‘பொதுவா’தான் வினையாகப் போயிற்று. அந்த ஊரில் பொதுச் சாமான் என்றால் கோயில் அண்டா ஒன்றுதான். அதற்குச் சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் இரவல். கைக்குக் கை வாங்க வேண்டும், கைக்குக் கை கொடுக்க வேண்டும். திருப்பும்போது கழுவித்தான் கொடுக்க வேண்டும். ஓகேவுக்கும் அதே சட்டம் என்று முடிவாகி, தாளை அண்டாவுக்குள் போட்டு வைத்தார்கள்.

“சும்மா வாங்குனா ஊருக்கு அசிங்கம்லா?” என்று கேட்டார் என் மாமனார் மாடக்கண்ணு. அப்போது அவர் எனக்கு மாமனார் ஆகவில்லை. “பதிலுக்கு நாம என்ன குடுக்க?”

அரை நாள் யோசித்தார்கள்.

“நம்ம ‘சரி’யைக் குடுத்துருவோம்,” என்றார் வெயிலுமுத்து. “அது பாத்த வேலையைத்தான் இனி இது பாக்கப் போவுது. ரெண்டு பேருக்கு இங்க எங்கவே வேலை இருக்கு?”

டிரைவர் பாவம், “சரி” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அன்றோடு அந்த வார்த்தையை ஊரில் ஒருத்தர் தொடவில்லை. கொடுத்த சாமானைத் தொடுகிற வழக்கம் அங்கே கிடையாது.

“அவசரத்துக்குத் தலையாட்டலாமா?” என்று ஒருவர் கேட்டார்.

“அது மாடு செய்யுத வேலை,” என்று தீர்ப்பாயிற்று.

முதலில் இரவல் வாங்கிய வீட்டில் அந்தத் தாளைச் சோப்புப் போட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்கள். எழுத்து மொத்தமும் போய்விட்டது. ஊர் கூடி வெள்ளைத் தாளைப் பார்த்தது.

“எழுத்தைக் காணோமே?”

“அழுக்கு போயிருக்கு. வார்த்தை உள்ளதான் இருக்கும்.”

பழையபடி அண்டாவுக்குள் வைத்தார்கள்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மாவோடு நான் அந்த ஊருக்குப் பெண் பார்க்கப் போனேன். மாடக்கண்ணு மகள் பூமயில். காபியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “சூடு இருக்கு, ஊதிக் குடிங்க” என்றாள். அவ்வளவுதான், எனக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த டம்ளரை ஊதும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

அம்மாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அம்மா ராகுகாலத்துக்குப் பயந்தவள். “அண்ணே, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள உங்க சம்மதத்தைச் சொல்லிட்டா நல்லது. இல்லன்னா வேற இடம் பாத்துக்கிடுதோம்” என்று மாடக்கண்ணுவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். மணி பத்து.

மாடக்கண்ணு வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்திலிருந்த வெயிலுமுத்துவைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அது எங்க?”

“சுடலையாண்டி கொண்டு போயிருக்கான்.”

“எங்க?”

“தென்காசிக்கு, பல்லுப் புடுங்க. டாக்டர் எதையாவது கேட்டா பதில் சொல்லணும்லா.”

மாடக்கண்ணு முகம் செத்துப்போயிற்று. “மைனி,” என்றார் அம்மாவிடம், “மாப்பிள்ளையை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா சம்மதம் இன்னும் வரல. பஸ்ல வந்துகிட்டு இருக்கு.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். “இஷ்டமில்லன்னா நேரா சொல்லலாமே! எதுக்கு இந்த நாடகம்?” என்று அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் பூமயில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பத்து இருபதுக்கு பஸ் வந்தது. தெருவே ஓடியது. சுடலையாண்டி வீங்கிய கன்னத்தோடு இறங்கினார்.

“ஏல, வார்த்தை எங்க?”

அவர் வாயைத் தொட்டுக் காட்டினார். கூடப் போன அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள் விளக்கினாள். “பஸ்ல களவாணிப் பயலுவ இருப்பானுவன்னு தாளை வாய்க்குள்ள பஞ்சோட சேத்து வச்சிருக்காரு. பத்தே முக்கால் வரைக்கும் வாயைத் தெறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.”

“பத்தரைக்கு ராகுகாலம்!” என்று மாடக்கண்ணு அலறினார்.

“அதுக்கு? டாக்டர் பேச்சை மீறலாமா?” என்றார் வெயிலுமுத்து. “பல்லு வேற, பொண்ணு வேற.”

இதை வைத்து ஐந்து நிமிஷம் வாதம் நடந்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். அப்போது பூமயில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“வாயை எதுக்குத் தெறக்கணும்? வார்த்தை அவருக்குள்ளதான இருக்கு? அவரையே தூக்கி அப்பா கையில குடுங்க!”

“அதான!” என்றார் வெயிலுமுத்து. பிறகு நாலு பேர் சுடலையாண்டியை அலாக்காகத் தூக்கினார்கள். கைக்குக் கை மாறி, கடைசியில் மாடக்கண்ணு இரண்டு கையாலும் அவரைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டார். சுடலையாண்டி நல்ல கனம். மணி பத்து இருபத்தொன்பது.

“மைனி... ஓகே!” என்று கத்திவிட்டு, அவரோடு சேர்ந்து அப்படியே தரையில் சரிந்துவிட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூமயில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவுக்கு நடந்தது ஒன்றும் புரியவில்லை. சம்மதம் என்பது மட்டும் புரிந்தது.

“சரி, வைகாசியில முகூர்த்தம் பாத்துருவோம்,” என்றாள்.

வெயிலுமுத்துவின் கண் கலங்கியது. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், கீழே கிடந்த மாடக்கண்ணுவின் பக்கம் குனிந்தார்.

“ஏல, கேட்டியா? டிரைவருக்குக் குடுத்த நம்ம சாமான்லா! நாலு வருஷமாச்சு, ஒரு கீறல் இல்ல. உம் மவ நல்ல இடத்துக்குத்தான் போறா.”

“கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் இரவல் கேளுங்க அண்ணாச்சி,” என்றார் மாடக்கண்ணு, சுடலையாண்டிக்கு அடியிலிருந்து. “ஓகே அன்னைக்குச் சமையக்காரர் கையில இருக்கும்.”

வெயிலுமுத்து அம்மாவிடம் போய்ப் பவ்வியமாகக் கேட்டார். அம்மாவுக்கு எப்படியாவது அந்தத் தெருவைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

“சரி,” என்றாள்.

வெயிலுமுத்து இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டு, நேராகக் கழுவப் போனார்.