ஏழாம் சக்கரத்தின் மானம்

முன்னொரு சமயம் ஒரு கம்பெனி முந்நூறு பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டி முடித்தது. கட்டியதும் விற்றுவிட முடியாது. மழையில் நனைத்துப் பார்க்க வேண்டும், வெயிலில் வாட்டிப் பார்க்க வேண்டும், மேலேயிருந்து தடாலென்று ஓடுபாதையில் போட்டுப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

எல்லாவற்றிலும் அந்த விமானம் தேறிவிட்டது. மிச்சமிருந்தது பிரேக் தேர்வு ஒன்றுதான்.

அந்தத் தேர்வின் விதிகளைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். விமானம் தாங்குகிற மட்டும் பாரம் ஏற்ற வேண்டும். தேய்ந்து, தூக்கிப் போடும் நிலையில் இருக்கிற பிரேக்குகளாகப் பார்த்து மாட்ட வேண்டும். ஓடுபாதையில் தலைதெறிக்க ஓடவிட்டு, இதோ எழும்பப் போகிறது என்கிற நேரத்தில் பிரேக்கை மிதித்து நிறுத்த வேண்டும். எஞ்சின் உதவிக்கு வரக் கூடாது. நின்ற பிறகு ஐந்து நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. சின்னதாகத் தீப்பிடித்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நிஜமாகவே ஒரு நாள் இப்படி நடந்தால் தீயணைப்பு வண்டி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகலாம். அதுவரை விமானம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்கு முதல் நாள், விமானக் கொட்டகையில் எட்டுப் பெரிய சக்கரங்களும் பேசிக்கொண்டிருந்தன. பேசியது பெரும்பாலும் ஏழாம் சக்கரத்து டயர்தான். மற்றவை கேட்டுக்கொண்டிருந்தன, வேறு வழியில்லாமல்.

"போன மாசம் முழுக்க அந்த பைலட் நம்மளைத் தடால் தடால்னு கீழே போட்டானே, அப்ப நெஞ்சைக் குடுத்துத் தாங்கினது யாரு? நான்! இறக்கை என்ன பண்ணுச்சு? ஆடுச்சு. எஞ்சின் என்ன பண்ணுச்சு? கத்துச்சு. எனக்குள்ள இருக்கிறது சைக்கிள் டயர்ல அடிக்கிற காத்து இல்லப்பா, நைட்ரஜன்! அது இருக்கிற வரைக்கும்தான் எனக்கு மானம்."

அதே சக்கரத்தின் உலோக விளிம்பில் கட்டைவிரல் நுனியளவு அடைப்பான் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் இப்படி மூன்று நான்கு உண்டு. நம் கதைக்கு ஒன்று போதும். அதன் நடுவில் சீக்கிரம் உருகுகிற உலோகம் வைத்திருந்தார்கள். சக்கரம் அளவுக்கு மீறிச் சுட்டால் அது உருகி ஓட்டை விழும், டயரின் காற்று அதன் வழியே இறங்கிவிடும். இறங்காவிட்டால் டயர் வெடிக்கும். வெடித்தால் சக்கரத் துண்டுகள் நாலா பக்கமும் பறக்கும். பக்கத்தில் நிற்கிறவர் வீடு திரும்ப மாட்டார்.

"ஏய் பொடியா, உனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டது டயர்.

"இதுவரைக்கும் ஒரு வேலையும் வரல அண்ணே. ரொம்பச் சூடானா உருகணும்னு சொல்லி வச்சிருக்காங்க."

"உருகுறதுக்குப் பேரு வேலையா? அதுக்குப் பேரு தோத்துப்போறது."

உள்ளேயிருந்த தேய்ந்த பிரேக் செருமியது. "நாளைக்கு வண்டியோட வேகம் மொத்தமும் சூடா என் தலையில விழும். நான் எவ்வளவு முழுங்குவேன்? மிச்சத்தை உன் பக்கம்தான் தள்ளுவேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதே."

"தள்ளு, தள்ளு. நான் பார்க்காத சூடா?" என்றது டயர்.

அப்போது கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர் எதிராஜ் உள்ளே வந்தார். கூடவே தேர்வுப் பொறுப்பில் இருந்த என்ஜினியர் சௌந்தரவல்லி.

"நின்னதுக்கு அப்புறம் டயர்ல காத்து இறங்கிடும்னு திட்டத்துல போட்டிருக்கீங்களே, என்னம்மா இது?"

"இறங்கணும் சார். இறங்கினாத்தான் நல்லது."

"நாளைக்கு வாங்குறவங்க வெளிநாட்டுலேருந்து வர்றாங்க. பஞ்சராகி உக்காந்திருக்கிற வண்டி பக்கத்துல நான் போட்டோவுக்கு நிக்கவா? அந்த அடைப்பானைக் கழட்டிட்டு, உருகாத மாதிரி கெட்டியா ஒண்ணு போடுங்க."

"வெடிச்சிரும் சார். அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் முதல்ல பக்கத்துல போறது நம்ம ஃபயர் ஆபீசர் கோமதிநாயகம். அவருக்கு மூணு பொம்பளைப் பிள்ளைங்க."

"எல்லாத்துக்கும் வேண்டாம்மா. கேமரா பக்கம் இருக்கிற இந்த ஏழாம் நம்பருக்கு மட்டும்."

சௌந்தரவல்லி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். இப்பவே மாத்திடறேன்."

நம் நாட்டில் எவ்வளவு வேகமாக வரும் உத்தரவையும் நிறுத்தக்கூடிய பிரேக் இது ஒன்றுதான். எதிராஜ் பேனாவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்து போய்விட்டார்.

அடைப்பான் மாறவில்லை. ஆனால் டயருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? கேமரா என்னைத்தான் பார்க்கப்போகுது! பெரிய ஐயாவே சொல்லிட்டாரு. பொடியா, இனிமே நீயும் நானும் ஒண்ணு. நாளைக்கு என்ன சூடு வந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. நாம நிமிர்ந்து நிக்கணும்."

இதுவரை யாரும் அடைப்பானிடம் "நாம" என்று சொன்னதில்லை. பாவம், அதற்கும் ஆசை இருக்காதா? "முடிஞ்ச வரைக்கும் பார்க்கறேன் அண்ணே" என்றது.

மறுநாள் காலை பத்து மணிக்கு விமானம் ஓடியது. எழும்பப் போகும் நேரத்தில் பைலட் பிரேக்கை மிதித்தார். எஞ்சின்கள் வாயைப் பொத்திக்கொண்டன. இறக்கைகள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தேய்ந்த பிரேக்குகள் கிறீச்சிட்டு, புகைந்து, சிவந்து, ஓடுபாதை முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே அந்த மலையைப் பிடித்து நிறுத்திவிட்டன. நிறுத்திய கையோடு அவற்றின் ஆயுளும் முடிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

முதல் நிமிடம். பிரேக்குகள் கொல்லன் உலையில் கிடக்கிற இரும்பாகத் தகதகத்தன.

இரண்டாம் நிமிடம். கிரீஸ் பற்றிக்கொண்டு சின்னச் சின்னத் தீ நாக்குகள் எட்டிப்பார்த்தன. தூரத்தில் நின்ற தீயணைப்பு வண்டி உறுமியது. "விடுங்க, நான் போறேன்! இதுக்குத்தானே என்னைச் செஞ்சீங்க!"

"சும்மா கிட மூதேவி. இன்னும் மூணு நிமிஷம் கிடக்கு" என்று அதன் கதவில் தட்டினார் கோமதிநாயகம்.

மூன்றாம் நிமிடம். பிரேக் சொன்ன சொல் தவறவில்லை. மிச்சச் சூட்டைச் சக்கரத்தின் பக்கம் தள்ளியது. டயர் உப்ப ஆரம்பித்தது.

"பார்த்தியாடா, எனக்குத் தெம்பு கூடுது!" என்றது டயர்.

"தெம்பு இல்ல அண்ணே. அழுத்தம்."

"எல்லாம் ஒண்ணுதான். கெட்டியாப் பிடி!"

அடைப்பானின் நடுப்பகுதி இளகத் தொடங்கியது. வலித்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் உருகிவிட்டால் மறுபடி அடைப்பானாக முடியாது. பிடித்துக்கொண்டே வெளியே பார்த்தது. அங்கே கோமதிநாயகம் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த மனுஷன் கையுறை மாட்டுறாரு. அடுத்து இங்கதான் வருவாரு."

"வரட்டும். நான் நிமிர்ந்து நிக்கிறதைக் கிட்டேயிருந்து பார்க்கட்டும்."

"பார்த்தா செத்துருவாரே அண்ணே."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? என் மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு அடைப்பான் உருகியது.

நான்கு நிமிடம் பத்து விநாடி. உஸ்ஸ்ஸ் என்று ஏழாம் சக்கரத்தில் காற்று இறங்கியது. தொடர்ந்து மூன்று, ஆறு, எட்டு என்று மற்றவையும் இறங்கின. விமானம் குளத்துக்குள் இறங்கும் எருமையைப் போல மெதுவாக அமர்ந்தது.

பார்வையாளர் கூடாரத்தில் எதிராஜ் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "போச்சு! எல்லாம் போச்சு!"

"பாஸ் சார்! பாஸ்!" என்று ஐந்தாம் நிமிடம் முடிந்ததும் சௌந்தரவல்லி குதித்தாள்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டையாகிப் போன சக்கரங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். எதிராஜ் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். டையைச் சரிசெய்தார். "காத்து இறங்கியே ஆகணும்னு நான் ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் ஒத்தக்கால்ல நின்னேன்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். சௌந்தரவல்லி தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவர்கள் வந்து சேருமுன் கோமதிநாயகம் முதல் ஆளாகப் போய், ஏழாம் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த தீயை அணைத்தார். அன்று மதியம் வழக்கம்போல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

பிரேக்குகள் பழைய இரும்புக் குவியலுக்குப் போயின. அடைப்பான் உருகிச் சிந்திய இடத்தை மறுநாள் சுரண்டிக் கழுவிவிட்டார்கள். ஏழாம் சக்கரத்து டயரை மட்டும் கறுப்பு பாலிஷ் போட்டு, மறுபடி காற்றடைத்து, அலுவலக வரவேற்பறையில் கண்ணாடி மேடைமேல் வைத்தார்கள். "மாபெரும் சோதனையில் வென்ற சக்கரம்" என்று பித்தளையில் பெயர்ப்பலகை.

கோமதிநாயகம் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார். போகும்போது டயரை ஒரு தட்டுத் தட்டுவார். "நீ வெடிக்காம நின்ன புண்ணியம், நான் பிள்ளைங்க முகத்தைப் பார்த்தேன்" என்பார். மனசார நன்றி சொல்கிறவர் அவர். டயர் அதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

அவர் படியேறிப் போனதும், மூலையில் தொங்குகிற தீயணைப்பு வாளியிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லும்:

"அந்தத் துரோகி மட்டும் இன்னும் ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா, இதோ போறாரே, இவரு அப்ப என் பக்கத்துலயே வந்திருப்பாரு. நான் யாருன்னு காட்டியிருப்பேன்."