ஸ்பீடு பிரேக்கரில் ஒரு வணக்கம்

யாருக்கும் தலை வணங்காத ஒன்றியத் தலைவர் வெள்ளத்துரை, தன் பிக்கப் வண்டியை யானை உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார். அப்படித் தூக்கியதிலிருந்து, அதில் பக்கத்து ஊருக்குப் போய் வந்தாலே இடுப்பு கழன்றுவிடும்.

"மெட்ராஸ் வரைக்கும் உடம்பு அலுங்கக் கூடாது. ஆனா உயரம் ஒரு இம்மி குறைஞ்சாலும் கடையைக் காலி பண்ணிரு" என்றார், தன் கட்டடத்தில் பட்டறை வைத்திருந்த சுடலைக்கண்ணுவிடம்.

சுடலைக்கண்ணு விறைத்து நின்ற ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தான்.

"குறைக்கல அண்ணாச்சி. ஆனா நேத்து, தேர்தல்ல உங்கள எதிர்த்து நின்ன ஞானதாசு வீட்டு வாசல் ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி குதிச்சப்ப, உங்க தலை தன்னால குனிஞ்சுட்டு. நீங்க வணக்கம் வச்சதா நெனச்சு, அவரும் எந்திரிச்சுக் கும்பிட்டாராம். மெட்ராஸ் போறதுக்குள்ள இன்னும் எத்தனை பேருக்கு வைக்கணுமோ."

எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெள்ளத்துரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"எத்தனை அங்குலம் இறக்குனா தலை நிமிந்தே இருக்கும்?"