குமிழி இல்லாத தொட்டி

"சாமி, குமிழி போகவே மாட்டேங்கு."

குற்றாலிங்கம் தியான மண்டபத்து வாசலில் நின்று சொன்னார். முழங்கை வரை உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"அது போகட்டும், அண்ணாச்சி. போன அன்னைக்குக் காவி தாரேன்," என்றார் குரு.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குற்றாலிங்கம் அரிசி மண்டி வைத்திருந்தவர். மண்டியை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, நிம்மதி வேண்டும் என்று தென்காசிப் பக்கத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குரு அவரைவிட இளையவர். ஞானத்தில் வயது பார்க்கக் கூடாது என்று குற்றாலிங்கம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் கேட்டது காவி. குரு கொடுத்தது மீன் தொட்டி.

மண்டபத்துச் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர், கடல் மீன்கள். வெளிநாட்டு அன்பர் ஒருவரின் உபயம். மலையடிவாரத்தில் கடல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. உபயமாக வந்ததை யார் கேள்வி கேட்பார்கள்.

மேலே இருந்து வழியும் தண்ணீர் கீழே ஒரு அடித்தொட்டியில் விழும். அங்கே சுத்தமானதும் மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். தள்ளும்போது ஊசிமுனை அளவுக் குமிழிகளையும் சேர்த்துத் தள்ளியது. தொட்டி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கிடந்தது. அந்த வெள்ளையில் மீன் எது, கல் எது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி குழாய் வாயில் பஞ்சு கட்டிப் பார்த்தார். இணைப்புகளுக்கெல்லாம் டேப் சுற்றினார். ஒரு நாள் தெளியும். மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. காலையில் வரும் பக்தர்கள் அடித்தொட்டியில் செம்பை விட்டு மொண்டு தலையில் தெளித்துக்கொண்டார்கள். குருவின் வீட்டுக் கடலாம், தீர்த்தமாம். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் காற்றையும் உறிஞ்சியது.

ஒரு அம்மாளை அவர் தடுத்தார். உடனே ஆபீசிலிருந்து மேனேஜர் வந்துவிட்டார்.

"பக்தர்கள் மனசு நோகக் கூடாது, அண்ணாச்சி. நீங்க மீனை மட்டும் பாருங்க."

குறைந்ததை வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்ப முடியாது. அதற்கென்று உள்ள உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். அது சென்னையிலிருந்து வர வேண்டும். இருந்த மூட்டை தீர்ந்துபோயிருந்தது.

பௌர்ணமி நெருங்கியது. காவி கொடுப்பது பௌர்ணமியில்தான். அதை விட்டால் குரு வெளிநாடு போய்விடுவார். எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது.

பௌர்ணமி அன்று காலை, பூஜை முடிந்ததும் குரு தொட்டியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது.

அண்ணாச்சி மண்டபக் கதவைச் சாத்தினார். மோட்டார் சுவிட்சை அணைத்தார்.

குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே போய் உடைந்தன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் அந்தரத்தில் நிற்பது போல நின்றன. அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் மனதும் இப்படித்தான் ஆகிவிட்டது என்று நினைத்தார். மனிதனுக்கு ஆசை வந்தால் எதையும் நினைப்பான்.

பூஜை நீண்டுகொண்டே போனது. குரு வரும்போது உச்சி வெயில்.

"தெளிஞ்சிருக்கே," என்றார் குரு.

"எல்லாம் சாமி அருள்."

"சத்தமும் இல்லையே."

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

குரு தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தார்.

மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்திருந்தன. மோட்டார் நின்ற தண்ணீரில் மூச்சுக்குத் தவித்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"வீட்டுல யாரெல்லாம், அண்ணாச்சி?"

"வீட்டுக்காரி மட்டும்தான் சாமி. வேலம்மா."

"நல்லாருக்காங்களா?"

"படுக்கையில கிடக்கா. வாதத்துல ஒரு பக்கம் விழுந்துட்டு. அவ தங்கச்சி பார்த்துக்கிடுதா."

"பேசுவாங்களா?"

"வாய் அசையும். சத்தம் வராது."

"நீங்க கிளம்பி வரும்போது?"

"வாசலைப் பார்த்துக்கிட்டே கிடந்தா. பற்றை அறுக்கணும்னு சாமிதானே சொன்னிய."

"சொன்னேன்."

ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போட்டால் குமிழி வரும். குமிழி வந்தால் காவி போகும். அண்ணாச்சி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததை அவர் முகத்திலேயே படிக்க முடிந்தது. பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளை நினைத்தால் இதைச் சொல்கிற எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சாய்ந்த மீன் மெல்லக் கீழே போய் மணலில் கிடந்தது.

குரு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று சாய்ந்தபோது குரு எழுந்தார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் இரைந்தது. தொட்டி முழுக்கக் குமிழி பாய்ந்து வந்தது. செத்த மீனும் உயிருள்ள மீனும் அந்த வெள்ளைக்குள் மறைந்தன.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். இனி ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தார்.

குரு தோள் பையிலிருந்து மடித்த காவித் துணியை எடுத்து நீட்டினார்.

"வாங்கிக்கிடுங்க."

"சாமி, குமிழி இன்னும்..."

"அது கிடக்கட்டும். உங்களுக்குத் தகுதி வந்துட்டு."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. கை நீள மறுத்தது. இத்தனை நாள் இல்லாத கோபம் இப்போது வந்தது.

"மோட்டார் நின்னது வந்ததுமே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்திய?"

"ஆமா."

குரு துணியை அவர் மடியில் வைத்தார்.

"எனக்குக் காவி தந்த அன்னைக்கும் இப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், அண்ணாச்சி. அன்னைக்குச் செத்தது மீன் இல்லை."